மீந்த சாப்பாடு எங்கே போகுது? வீட்டிலும் கேன்டீனிலும் உணவுக் கழிவைக் குறைப்பது எப்படி?

சித்ரா பௌர்ணமி இரவில் காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளம் தூங்காது. காஞ்சி வரதராஜப் பெருமாள் அன்றைக்கு இந்தக் கிராமத்து நடவாவிக் கிணற்றுக்கு வருவார். அதற்காகக் கிணற்றுத் தண்ணீரை இறைத்து, உள்ளே இருக்கும் கல் மண்டபத்தைத் தயார் செய்வார்கள். சுற்றுவட்டாரக் கூட்டமெல்லாம் அங்கேதான். கூட்டம் சேரும் இடத்தில் நீர்மோர், பானகம், சுண்டல், புளியோதரை என்று யாராவது கொடுத்துக்கொண்டே இருப்பது நம்ம ஊர் வழக்கம். மறுநாள் விடியும்போது ரோட்டோரத்தில் பாதி சாப்பிட்ட தொன்னைகளும் பிளாஸ்டிக் டம்ளர்களும் கிடப்பதும் எல்லாத் திருவிழாக்களிலும் பார்க்கிற காட்சிதான்.

ஆனால் திருவிழா வருஷத்துக்கு ஒரு நாள். அடுப்படி 365 நாளும் எரிகிறது. உணவு அதிகமாக வீணாவது திருவிழாவிலோ கல்யாணத்திலோ இல்லை, நம் வீட்டிலேதான் என்கின்றன கணக்குகள்.

எவ்வளவு வீணாகிறது?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட உணவுக் கழிவுக் குறியீட்டு அறிக்கைப்படி, 2022-ம் ஆண்டில் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது. மக்களுக்குக் கிடைத்த உணவில் இது 19 சதவீதம். இதில் 63 கோடி டன், அதாவது 60 சதவீதம், வீடுகளில் வீணானது. ஓட்டல், கேன்டீன், கேட்டரிங் எல்லாம் சேர்ந்து 29 கோடி டன். கடைகளில் 13 கோடி டன். அதே ஆண்டில் உலகில் 78 கோடி பேர் பசியோடு இருந்தார்கள்.

இந்தியாவில் ஒருவருக்கு ஆண்டுக்கு 55 கிலோ வீட்டு உணவுக் கழிவு என்கிறது அந்த அறிக்கை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 கிலோ, தினமும் சுமார் 600 கிராம். ‘நம்ம வீட்ல அவ்வளவா கொட்டுறோம்?’ என்று தோன்றலாம். இந்த 55 கிலோவில் வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, எலும்பு மாதிரி சாப்பிட முடியாதவையும் சேர்ந்திருக்கின்றன. ‘இந்தியர்கள் 55 கிலோ சோற்றைக் கொட்டுகிறார்கள்’ என்று சமூக ஊடகங்களில் சுற்றும் செய்தி சரியல்ல. ஆனால் இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தோலையும் ஓட்டையும் எவ்வளவு முயன்றாலும் குறைக்க முடியாது, உரமாக்கத்தான் முடியும். மீந்த சோற்றை உரமாக்குவதைவிட மீறாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் வேறு வேறு வழி வேண்டும்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்து சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு. நெல்லை அரிசியாக்கி, அரிசியைச் சோறாக்கிக் கணக்குப் பார்த்தால், ஒரு கிலோ சோற்றைக் கொட்டுவது ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொட்டுவதற்குச் சமம். ஏரி நிறைந்தால்தான் நடவு என்று இருக்கிற காஞ்சிபுரம், உத்திரமேரூர் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குப்பைத் தொட்டியில் போட்டால் என்ன ஆகும்? மக்கிப் போய்விடாதா?

மக்கும். ஆனால் எப்படி மக்குகிறது என்பதுதான் கேள்வி. காற்றுப் படும் இடத்தில் மக்கினால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும் வரும், மிச்சம் உரமாகும். குப்பை மேட்டில் மேலே மேலே குவியும்போது உள்ளே காற்றே போகாது. அங்கே வேறு வகை பாக்டீரியாக்கள் வேலை செய்து மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கும், இருபது ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கும் அதிகமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இது. உலகப் பசுமைக்குடில் வாயுக்களில் 8 முதல் 10 சதவீதம் வீணாகும் உணவோடு தொடர்புடையது.

மீத்தேன் எரியவும் செய்யும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது நினைவிருக்கலாம். இப்படிப்பட்ட கிடங்குகளில் பற்றும் தீயை முழுசாக அணைப்பது ஏன் அவ்வளவு கஷ்டம் என்றால், அடியிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கும்.

கிராமத்தில் இவ்வளவு பெரிய மேடு கிடையாது. அங்கே பிரச்னை வேறு வடிவத்தில் வருகிறது. வீட்டுக்கு வீடு தள்ளுவண்டியோடு வரும் தூய்மைக் காவலரிடம், சாம்பாரும் சோறும் பால் கவரும் குழந்தையின் டயப்பரும் ஒரே கவரில் கட்டிக் கொடுக்கப்படுகிறது. அதை யாராவது கையால் பிரித்தாக வேண்டும். பிரிக்கிறவர் பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்த பெண்தான். அப்படிப் பிரிக்க முடியாமல் போகிற கவர்தான் ஏரிக்கரைக்கோ ரோட்டோரப் பள்ளத்துக்கோ போகிறது.

மாட்டுக்குப் போட்டுவிடலாமே?

கிராமங்களில் எல்லோரும் சொல்லும் பதில் இது. பெரும்பாலும் சரியான பதிலும்கூட. அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாவற்றையும் ஒரு பானையில் சேர்த்து, மாடு வைத்திருக்கும் வீட்டுக்காரர் வந்து எடுத்துப் போகும் ‘கழுநீர்ப் பானை’ வழக்கம் தமிழ்நாட்டு ஊர்களில் ரொம்ப காலமாக இருக்கிறது. மறுசுழற்சி என்ற வார்த்தை வருவதற்கு முன்பே இருந்த மறுசுழற்சி. வாழை இலையும் மாட்டுக்கு நல்ல தீனிதான்.

ஆனால் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. இரண்டிலும் மாடு சாகலாம்.

முதலாவது, சோறு. கல்யாணத்தில் ஒரு அண்டா சோறு மீந்துபோச்சு, வீணாகாமல் மாட்டுக்கு வைப்போம் என்று நல்ல மனசோடு செய்வதுதான். மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் வைக்கோலையும் புல்லையும் மெதுவாகச் செரிக்கப் பழகியவை. திடீரென்று நாலைந்து கிலோ சோறோ சர்க்கரைப் பொங்கலோ உள்ளே போனால், அதிலுள்ள மாவுச்சத்து வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகும். பெருவயிற்றின் அமில அளவு தாறுமாறாகிவிடும். மாடு அசை போடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், தண்ணீர் மாதிரி கழியும், பிறகு எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிடும். கால்நடை மருத்துவர்கள் இதை அமில நோய் என்கிறார்கள். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள்களில் இந்த மாதிரி மாடுகள் மருத்துவமனைக்கு வருவது வழக்கமான ஒன்று. ‘பாசமா ஊட்டினோம், இப்படி ஆயிடுச்சே’ என்று அழும் குடும்பங்களுக்கு ஒரு கறவை மாடு என்பது மாத வருமானம்.

அதனால் சோறு கொடுப்பதென்றால் கொஞ்சமாக, வைக்கோலோடு சேர்த்து, பழக்கப்பட்ட மாட்டுக்கு மட்டும். ஊசிப்போனது, பூசணம் பிடித்தது வேண்டவே வேண்டாம். மாடு அதிகமாகத் தின்றுவிட்டது தெரிந்தால் நோய் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

இரண்டாவது, பிளாஸ்டிக் கவர். மீந்த சாப்பாட்டைக் கவரில் கட்டி முடிச்சுப் போட்டு வீசினால், மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. கவரோடு விழுங்கும். 2019 அக்டோபரில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது அதே ஆண்டு ஜனவரி 1-ம் தேதி என்பது இதில் ஒரு வேடிக்கை.

ஓட்டல் மிச்சத்தைப் பன்றிப் பண்ணைக்குக் கொடுப்பவர்களும் உண்டு. அதை நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே பன்றிக்குக் கொடுக்க வேண்டும். 2020-ல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவும் வழிகளில் வேகவைக்காத இறைச்சிக் கழிவும் ஒன்று.

வீட்டில் மீறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

முதல் மாற்றம் சமையலறையில் இல்லை, வாசலில். லோடு ஆட்டோவில் ‘மூணு கிலோ நூறு ரூபா’ என்று மைக் போட்டுத் தக்காளி வரும். ஒரு கிலோ மட்டும் தேவைப்படும் வீடு மூன்று கிலோ வாங்கும். அதில் ஒரு கிலோ அழுகினால், விலை குறைந்த மாதிரி தெரிந்ததெல்லாம் கணக்கில் சரியாகிவிடும். கீரை, கொத்தமல்லி, வாழைப்பழம் மூன்றும் இதே கதைதான். வாங்கும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு தடவை பார்ப்பது என்ற ஒரே பழக்கம் போதும், பாதிக் கழிவு குறையும் வீடுகள் இருக்கின்றன.

அடுத்து அரிசி அளப்பது. ‘யாராவது வந்துட்டா?’ என்ற யோசனையில் ஒரு ஆழாக்கு கூடுதலாகப் போடுவது விருந்தோம்பல்தான், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்கு வருகிறவர் போன் பண்ணிவிட்டுத்தான் வருகிறார். குக்கரில் இன்னொரு முறை சோறு வைக்க இருபது நிமிஷம் ஆகாது.

மீந்துவிட்டால்? தமிழ் அடுப்படிக்கு இதில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் பழைய சோறு. இரவெல்லாம் தண்ணீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி அமிலத்தன்மை கூடுவதால், கெடுக்கும் கிருமிகள் வளர்வது கடினமாகிறது. வயிற்றுக்கு இது எந்த அளவுக்கு நல்லது என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆய்வே நடத்தியது. ஆனால் ஒரு எச்சரிக்கை. மதியம் வடித்த சோற்றை ராத்திரி பத்து மணிவரை திறந்துபோட்டுவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றினால் பலன் இல்லை. சோற்றில் வளரும் சில பாக்டீரியாக்களின் நச்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. ஆறியவுடன் ஊற்றி, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும்.

காஞ்சிபுரம் இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமான அந்தக் குடலை இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் சேரும். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகவைப்பார்கள். சாதா இட்லி மாதிரி அது சீக்கிரம் ஊசிப்போகாது. கெடாமல் இருக்க வேண்டும் என்ற யோசனை சமையல் முறைக்குள்ளேயே இருந்த காலம் அது.

எது முதலில் கெடும் என்று தெரிந்தால் எதை முதலில் சாப்பிட வேண்டும் என்பதும் தெரியும். தேங்காய்ச் சட்னிதான் முதலில் போகும். பிறகு பருப்பும் தேங்காயும் சேர்ந்த கூட்டு, உருளைக்கிழங்கு. அப்புறம் சாம்பார். புளிக்குழம்பும் வத்தக்குழம்பும் கடைசிவரை தாங்கும். எனவே சனிக்கிழமை வெளியே போகப்போகிறீர்கள் என்றால் வெள்ளிக்கிழமை கூட்டு வைக்காதீர்கள், வத்தக்குழம்பு வையுங்கள்.

பொதுவான விதி: சமைத்த சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் நேரம்தான் கிருமிக்குக் கொண்டாட்டம். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பது ரிஸ்க். மீந்ததைச் சின்னச் சின்னப் பாத்திரத்தில் பிரித்து வைத்தால் சீக்கிரம் ஆறும், ஃப்ரிட்ஜிலும் சீக்கிரம் குளிரும்.

மாவு புளித்துவிட்டால் ஊத்தப்பம் அல்லது பணியாரம். இட்லி மீந்தால் உப்புமா. பீர்க்கங்காய்த் தோலில் துவையல், வாழைக்காய்த் தோலில் பொரியல், முள்ளங்கிக் கீரையில் கூட்டு, தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் சாம்பார். சோறு நிறைய மீந்து வெயிலும் இருந்தால் சீரகம், உப்பு போட்டுப் பிசைந்து வடகம். பாட்டிமார்களுக்குத் தெரிந்த இந்தப் பட்டியல் நீளமானது.

பாக்கெட் பொருள்களில் தேதியைப் பார்த்துப் பயந்து தூக்கிப்போடுவதும் நடக்கிறது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றால் அந்தத் தேதிவரை சுவையும் தரமும் உச்சத்தில் இருக்கும் என்று அர்த்தம். அதற்கு மறுநாளே விஷமாகிவிடாது. ‘எக்ஸ்பைரி’ அல்லது ‘யூஸ் பை’ என்று இருந்தால் கதை வேறு, அதைத் தாண்டக் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகளில் ‘எக்ஸ்பைரி’ தேதி கட்டாயம், ‘பெஸ்ட் பிஃபோர்’ போடுவது நிறுவனத்தின் விருப்பம்.

தோலும் காம்பும் எப்படி உரமாகும்?

இது பலர் ஆரம்பித்து, பத்தாம் நாள் நாற்றம் தாங்காமல் விட்டுவிடும் விஷயம். நாறுவதற்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான்: ஈரம் அதிகம், காற்று குறைவு.

மக்கவைக்கும் நுண்ணுயிரிகளுக்கு நைட்ரஜனும் வேண்டும், கார்பனும் வேண்டும். காய்கறிக் கழிவில் நைட்ரஜனும் தண்ணீரும் நிறைய. காய்ந்த இலையில் கார்பன் நிறைய. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை நன்றாக நடக்கும். இதை வீட்டில் அளக்க முடியாது, அளக்கவும் வேண்டாம். ஒரு கை சமையலறைக் கழிவுக்கு இரண்டு கை காய்ந்த இலை. அவ்வளவுதான். காய்ந்த இலைக்குப் பதில் தேங்காய் நார்த் தூள், நிலக்கடலைத் தோல், நறுக்கிய வைக்கோல், மரத்தூள் எதுவும் சரி. தெருவில் கூட்டிக் குவித்து நெருப்பு வைக்கிறோமே அந்தச் சருகுதான் இங்கே பொக்கிஷம்.

மூடியோடு இரண்டு பிளாஸ்டிக் பக்கெட் அல்லது இரண்டு மண் பானை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டை போடுங்கள். அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சருகு. தினமும் கழிவைச் சின்னதாக நறுக்கிப் போட்டு, மேலே சருகால் மூடிவிட வேண்டும், கழிவு வெளியே தெரியவே கூடாது. ஆரம்பத்தில் ஒரு டம்ளர் புளித்த மோரோ, கரைத்த சாணியோ, ஒரு கை பழைய உரமோ சேர்த்தால் நுண்ணுயிரிகள் சீக்கிரம் குடியேறும். வாரத்துக்கு இரண்டு தடவை குச்சியால் கிளறுங்கள். முதல் பக்கெட் நிறைந்ததும் மூடி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதை ஆரம்பியுங்கள். இரண்டாவது நிறைவதற்குள், அதாவது 45 முதல் 60 நாளில், முதலாவது உரமாகியிருக்கும்.

ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்த்தால் உருண்டை பிடிக்க வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் சருகு போடுங்கள். உதிர்ந்துபோனாலோ எறும்பு வந்தாலோ கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். தடித்த சாம்பல் நிறப் புழுக்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் கருப்பு சிப்பாய் ஈயின் புழுக்கள், கழிவைத் தின்று வேலையை வேகப்படுத்துபவை. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் சருகைக் கூட்டினால் குறைந்துவிடும்.

கறி, மீன், எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவை பக்கெட் உரத்துக்கு ஆகாது. எலியும் நாயும் தேடி வரும். மீந்த சோற்றைப் பிழிந்து கொஞ்சமாகப் போடலாம். முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடுங்கள். தேங்காய்ச் சிரட்டையை அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயங்கார்குளம் மாதிரி கொல்லைப்புறம் இருக்கும் ஊர்களில் பக்கெட்டே தேவையில்லை. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் இரண்டு குழி போதும். கழிவு, சருகு, சாணிக் கரைசல், மேலே ஒரு கூடை மண் என்று அடுக்க வேண்டும். எருக்குழி நம்ம ஊருக்குப் புதுசு இல்லை, இடையில் பிளாஸ்டிக் உள்ளே வந்ததால்தான் அது குப்பைக்குழியாக மாறிப்போனது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழிக்குள் தண்ணீர் நிற்காதபடி மேலே ஓலையோ ஷீட்டோ போட்டு, சுற்றிலும் வரப்பு கட்டினால் சரி.

மாடும் இருந்தால் சாண எரிவாயுக் கலனில் சமையலறைக் கழிவையும் சேர்க்கலாம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சாணத்தைவிட மீந்த சோறும் மாவும் அதிக வாயு தரும். காரணம் எளிது: சாணம் என்பது மாடு சத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பது. புனேயைச் சேர்ந்த ஆர்த்தி என்ற கிராமியத் தொழில்நுட்ப நிறுவனம் இந்த அடிப்படையில் உருவாக்கிய சிறிய வீட்டுக் கலனுக்கு 2006-ல் ஆஷ்டன் விருது கிடைத்தது. ஆனால் புளிப்பு அதிகமானால் கலன் ‘படுத்துவிடும்’. மாட்டுக்கு வரும் அதே அமிலப் பிரச்னைதான் இங்கேயும். திடீரென்று அண்டா சோற்றைக் கொட்டாமல் தினமும் கொஞ்சமாகத்தான் ஊட்ட வேண்டும்.

கம்பெனி கேன்டீனில் என்ன செய்யலாம்?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி முக்கியம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலைகளுக்குக் கிராமங்களிலிருந்து ஷிஃப்ட் பஸ்ஸில் போகிறவர்கள் ஏராளம். 250-க்கு மேல் தொழிலாளர்கள் இருந்தால் கேன்டீன் கட்டாயம் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஆயிரம் பேர் சாப்பிடும் இடத்தில் தலைக்கு 50 கிராம் தட்டில் மீந்தால் ஒரு வேளைக்கு 50 கிலோ.

முதல் வேலை, எடை போடுவது. அதுவும் மூன்றாகப் பிரித்து: நறுக்கும்போது வரும் கழிவு, சமைத்துப் பரிமாறாமல் மீந்தது, தட்டில் மீந்தது. மூன்றுக்கும் காரணம் வேறு. நறுக்கும் கழிவு அதிகமென்றால் காய் வாங்குவதில் பிரச்னை. பரிமாறாமல் மீந்தால் தலைக்கணக்கில் பிரச்னை: யார் லீவு, யாருக்கு ஓவர்டைம் என்ற தகவல் சமையல்காரருக்குப் போவதே இல்லை. தட்டில் மீந்தால் ருசியிலோ அளவிலோ பிரச்னை. மூன்றையும் ஒரே டிரம்மில் கொட்டினால் எதுவும் தெரியாது.

தலைக்கணக்குக்குத் தீர்வு சுலபம். ஷிஃப்ட் ஆரம்பித்ததும் வருகைப் பதிவு எண்ணிக்கையைக் கேன்டீனுக்கு அனுப்ப வேண்டும். சோற்றை ஒரே அடியாக வடிக்காமல் இரண்டு மூன்று தவணையாக வடித்தால் கடைசித் தவணையைக் கூட்டலாம், குறைக்கலாம்.

தட்டுப் பிரச்னை கொஞ்சம் நுட்பமானது. கரண்டியைச் சின்னதாக்கி, ‘எத்தனை தடவை வேண்டுமானாலும் வாங்கலாம்’ என்று சொன்னால் மீறுவது குறையும். ஆனால் இரண்டாம் முறை வாங்க நீளமான வரிசையில் நிற்க வேண்டும், லஞ்ச் டைமோ அரை மணி நேரம் என்றால் யாராக இருந்தாலும் முதலிலேயே மலை மாதிரி போட்டுக்கொள்வார்கள். அதைத் தொழிலாளர் மேல் பழி போட்டுப் பயனில்லை. மறுசோறுக்குத் தனி வரிசை வையுங்கள். மீதம் வைத்தால் அபராதம் என்று போர்டு மாட்டும் நிறுவனங்களும் இருக்கின்றன. சாம்பார் வாயில் வைக்க முடியாமல் இருந்தால் அபராதம் யாருக்குப் போட வேண்டும் என்ற கேள்வி அங்கே வரத்தான் செய்யும். தட்டு கழுவும் இடத்தில் ‘நேற்று மீந்தது இத்தனை கிலோ’ என்று எழுதிவைப்பது அபராதத்தைவிட மரியாதையான வழி.

பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, ரோட்டுக் கடைக்கு விற்கவும் கூடாது. எண்ணெயில் சேரும் மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மறுபடி சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. அந்த எண்ணெயை வாங்கி பயோடீசல் தயாரிக்க அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

கல்யாண மிச்சத்தை யாரிடம் கொடுப்பது?

பந்தியில் வீணாவதற்குப் பெரிய காரணம், ஆள் உட்காரும் முன்பே இலையில் இருபது ஐட்டம் வைத்துவிடுவது. சர்க்கரை நோயாளி இலையிலும் இரண்டு ஸ்வீட் இருக்கும். கேட்டுப் பரிமாற ஆள் அதிகம் வேண்டும், பந்தி முடிய நேரம் ஆகும், அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பார். எல்லாம் உண்மைதான். ஆனால் ஸ்வீட், வடை, அப்பளம் மூன்றை மட்டுமாவது உட்கார்ந்த பிறகு கேட்டு வைத்தால் வித்தியாசம் தெரியும்.

பாத்திரத்தில் தொடாமல் மீந்த உணவைக் கொடுக்கலாம், இலையில் மீந்ததை அல்ல. கோவையில் 2014-ல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு இப்படி விசேஷ வீடுகளில் மீந்ததைச் சேகரித்துப் பசித்தவர்களுக்குக் கொண்டுபோகிறது. சென்னை பெசன்ட் நகரில் 2017-ல் பல் மருத்துவர் ஐஸா பாத்திமா ஜாஸ்மின் பொது ஃப்ரிட்ஜ் ஒன்றை வைத்தார். யார் வேண்டுமானாலும் வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மிச்ச உணவு விநியோகத்துக்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது.

கிராமத்தில் இவ்வளவு ஏற்பாடு தேவைப்படாது, பக்கத்துத் தெருவே போதும். ஆனால் நேரம் முக்கியம். மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குள் கொடுத்தால் அது உணவு. ராத்திரி எட்டு மணிக்கு ‘யாருக்காவது குடுத்துடுங்க’ என்றால் அது வயிற்றுப்போக்கு. கொடுக்கும் முன் கொடுப்பவர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தருவதை ஒவ்வொரு வீட்டுக்கும் கடமையாக்கின. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் நிறுவனங்களைப் பெருமளவு கழிவு உற்பத்தியாளர் என்று வரையறுத்தன. உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி நடத்தினால் மூன்று வேலைநாள் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஊர்ப் பந்தலில் விருந்து வைக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு கேள்வி.

மற்ற ஊர்களில் பலித்ததா?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே வேலூர் இருக்கிறது. வேலூர் சீனிவாசன் என்று அறியப்படும் சி. சீனிவாசன் உருவாக்கிய முறையில், வீட்டிலேயே பிரித்த கழிவை அழுகுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் மையம். புதிதாக வந்த காய்கறிக் கழிவு மாட்டுக்கும் வாத்துக்கும் தீனி, அதன் சாணம் எரிவாயுவுக்கு, மிச்சம் உரத்துக்கு. பழைய கழிவு குப்பை, புதிய கழிவு வளம் என்பது இதன் கணக்கு. இதே பாணியைச் சத்தீஸ்கரின் அம்பிகாபூர் நகரம் மகளிர் குழுக்களை வைத்து எடுத்துச் செய்தது. அங்கே குப்பை மேடாக இருந்த இடம் இப்போது பூங்கா.

எதிர்மாறான உதாரணமும் நம்மிடமே உண்டு. கோயம்பேடு மார்க்கெட்டில் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க நாளொன்றுக்கு 30 டன் திறனுள்ள ஆலை 2005-ல் வந்தது. அது பின்னர் பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது. இயந்திரம் வாங்குவது ஒருநாள் செலவு, அதற்குச் சுத்தமாகப் பிரித்த கழிவை நாள் தவறாமல் கொடுப்பது வருஷக்கணக்கான வேலை.

தென்கொரியா 2005-ல் உணவுக் கழிவைக் குப்பைக் கிடங்கில் கொட்டத் தடை விதித்தது. 2013 முதல் எடைக்கு ஏற்பக் கட்டணம் வசூலிக்கிறது. இன்று அங்கே உணவுக் கழிவில் 95 சதவீதத்துக்கு மேல் தீவனமாகவும் உரமாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் எடைபோட்டுக் கட்டணம் வாங்குவது இப்போதைக்கு நடக்காது. ஆனால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபை உண்டு. மக்கும் குப்பையை எத்தனை வீடுகள் பிரித்துக் கொடுக்கின்றன, ஊராட்சி உரக்குடில் ஓடுகிறதா, உரத்தை யார் வாங்குகிறார்கள், தூய்மைக் காவலருக்குக் கையுறை கொடுத்தார்களா என்ற நாலு கேள்வியையும் அங்கே எழுந்து கேட்கலாம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லவும் உரிமை உண்டு.